நரிக்கும் புரட்டாசி

ஆனி 5, செவ்வாய்

மாடி அறைக்கு ஆள் வந்துவிட்டது. இசக்கிராணி என்று பெயர், திருநெல்வேலிப் பக்கம். மாட்டு டாக்டருக்குப் படித்து முடித்து, அதற்கு மேலும் படிக்கிறாளாம். நம் ஏரிக்கரையிலும் மலையடிவாரத்திலும் திரிகிற நரிகளைப் பற்றி ஒரு வருஷ ஆராய்ச்சி. தையில் தொடங்கியது, மார்கழியோடு முடிகிறது. இத்தனை நாள் வடக்குத் தெருவில் குடியிருந்தாளாம். ஏன் காலி செய்தாய் என்று கேட்டேன். "சின்ன மனவருத்தம்க்கா" என்றாள். இசக்கியம்மன் பெயரை வைத்துக்கொண்டு பொய் சொல்ல மாட்டாள் என்று அதற்குமேல் கேட்கவில்லை.

ஒரு பெட்டி, ஒரு மைக்ராஸ்கோப், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். அவ்வளவுதான் சாமான். ஃபிரிட்ஜுக்குப் பூட்டு.

புளி தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

ஆனி 8, வெள்ளி

மனவருத்தம் என்னவென்று ரேஷன் கடை வரிசையில் தெரிந்தது. வடக்குத் தெரு வீட்டுக்காரி எனக்குப் பின்னால் நின்றாள். "ஐஸ் எடுக்கலாம்னு திறந்தேன் தனம். டப்பா டப்பாவா நரிப் பீ. ஒவ்வொண்ணுலயும் தேதி வேற எழுதி ஒட்டியிருக்கா."

வீட்டுக்கு வந்து அவளையே கேட்டேன். மறைக்கவில்லை. டாக்டர் பாஷையில் அதற்கு எச்சம் என்று பெயராம்.

"நரி வயித்துல நாடாப்புழு இருக்கும்க்கா. அதோட முட்டை எச்சத்துல வரும். அது புல்லுல ஒட்டி, ஆடு மேஞ்சா ஆட்டுக் குடல்ல கொப்புளமா நிக்கும். அந்தக் குடல நரி தின்னா மறுபடி புழு. எந்த மாசம் கூடுது, எந்த மாசம் குறையுதுன்னு பாக்குதேன்."

மாதாமாதம் வரவு எவ்வளவு என்று பார்க்கிறாள். இது கணக்கு. முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் ரேஷன் கடையில் முழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

சாயங்காலம் இவர் ஜவ்வரிசி ஆலையிலிருந்து வந்ததும் சொன்னேன். காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"சாமி படம் மாட்டியிருக்கற வீடு இது."

"சாமி படம் கீழ இருக்குது. அது மாடியில இருக்குது."

"சாமிக்கு மேலயா வெச்சிருக்குது அது?"

மாடிக்குப் போய் ஃபிரிட்ஜுக்கு மூன்று கோடு விபூதி பூசிவிட்டு வந்தேன். ராணி பார்த்தாள். துடைக்கவில்லை. பெண் நல்லவள்தான்.

ஆனி 22, வெள்ளி

சர்க்கரை இந்த மாதம் இரண்டு மடங்கு போயிருக்கிறது. நரி எச்சத்தைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் கரைத்தால் முட்டை மேலே மிதக்குமாம். அதிரசத்துக்குச் செய்வதுபோல் தினமும் ஒரு பாட்டில் பாகு காய்ச்சித் தருகிறேன். அதை அவள் மாடிக்குக் கொண்டுபோகிறபோது மட்டும் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறேன். கணக்கில் "சர்க்கரை, மாடி" என்று தனியாக எழுதியிருக்கிறேன்.

இன்று முட்டை காட்டினாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்க முதலில் பிடிக்கவில்லை. வைத்தபின் எடுக்கப் பிடிக்கவில்லை. உருண்டையாக, ஓரத்தில் கோடு கோடாக, ருத்திராட்சத்தைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பது போல இருந்தது. பாவம், அதை ருத்திராட்சம் என்று எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

ஆடி 17, புதன்

மாரியம்மன் பண்டிகை. கிடா வெட்டு. குடலையெல்லாம் வழக்கம்போல் ஏரி ஓரத்தில் கொட்டினார்கள். ராணி அங்கே போய் நின்று போட்டோ எடுத்தாள். கல்யாண வீட்டில்கூட அவளை அவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்க்க முடியாது.

"இன்னிக்கு நரி இதத் தின்னும். புரட்டாசி வாக்குல புழு வளந்து முட்டை வைக்கும். ஏரிக்கரையில எண்ணிக்கை அப்படியே ஏறும் பாருங்க. அதுதான்க்கா என் ஆராய்ச்சிக்கே உயிரு. அது மட்டும் சரியா வந்துட்டா தையில எழுதிக் குடுத்துட்டு நான் டாக்டர் இசக்கிராணி."

"இப்பவே டாக்டர்தானே?"

"இது மாட்டு டாக்டர். அது பெரிய டாக்டர்."

ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பட்டம் இல்லை, வீட்டில் சொல்கிற மாப்பிள்ளைதான் என்றாள். மாப்பிள்ளை என்ன செய்கிறான்? கோழிப் பண்ணை. கோழிக்குப் புழு வராதா? "வரும்க்கா. ஆனா அந்தாளுக்குத்தான் பேச்சு வராது" என்றாள். வெகுநேரம் சிரித்தோம்.

ஆடி 28, ஞாயிறு

இவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து ராணியிடம் கொடுத்தார். "ஆலைக்குப் பின்னால கிடந்துச்சு. நரியான்னு பாரும்மா." அவள் பிரித்துப் பார்த்து, "நாய் அண்ணாச்சி" என்றாள். இவர் முகம் வாடிவிட்டது. சாமி படத்துக்கு மேல் வைத்ததைப் பற்றி அவ்வளவு பேசியவர் இவர்தான்.

ஆவணி 2, சனி

ராணி தெரு நாய்களுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தாள். கருவாட்டுத் துண்டில் பொதிந்து போட்டால் லபக்கென்று விழுங்கிவிடுகின்றன. புழு தானாகச் செத்து வெளியேறிவிடுமாம். நாய்களும் அதற்குப்பின் தெளிச்சியாக இருக்கின்றன.

நாய்க்குப் பைரவர் இருக்கிறார். எருமைக்கு எமன், எலிக்குப் பிள்ளையார். நரிக்கு யாரும் இல்லை. வயிற்றில் இத்தனை நீளப் புழுவை வைத்துக்கொண்டு அது யாரிடம் போய்ச் சொல்லும்? ராணி எண்ணுகிறாள். எண்ணினால் வயிற்றுவலி போய்விடுமா?

ஆவணி 8, வெள்ளி

ஆவணி மூலம். ஈசன் நரியைப் பரியாக்கிய நாள். நரிக்கு யாரும் இல்லை என்று போன வாரம் எழுதியது தப்பு.

வாழப்பாடி போய் மருந்துக்கடையில் ராணி நாய்க்குக் கொடுத்த மாத்திரையின் காலி அட்டையைக் காட்டி அதையே வாங்கினேன். கருவாட்டைப் பொடித்து, களியில் பிசைந்து, நடுவில் மாத்திரை வைத்து உருட்டினேன். ஏரிக்கரைப் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி ஆவாரம் புதரடியில் வைத்து வந்தேன். திரும்பிப் பார்த்தபோது நரி ஒன்று வந்து நின்றது. என்னைப் பார்த்தது. நல்ல சகுனம்.

இதைச் செலவுக் கணக்கில் எழுதவில்லை. சாமிக்குச் செய்வதையும் வாயில்லாத ஜீவனுக்குச் செய்வதையும் கணக்கெழுதினால் அது வெறும் செலவாகிவிடும். யாரிடமும் சொல்லவும் இல்லை. சொன்னால் புண்ணியம் பாதி.

ஆவணி 26, செவ்வாய்

விளக்கு வைக்கப் போனேன். இப்போதெல்லாம் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருக்கிறது.

புரட்டாசி 1, திங்கள்

வீட்டில் கருவாடு கிடையாது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. நாளை செவ்வாய், விளக்கு நாள், உருண்டைக்கு என்ன செய்வது என்று மத்தியானம் முழுக்க யோசனை. பெருமாள் மாதத்தில் கருவாட்டைக் கையால் தொட்டு, அதே கையால் பிள்ளையாருக்குத் திரி போட முடியாது. வேர்க்கடலையும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்தேன். இந்த மாதம் நரிக்கும் புரட்டாசிதான்.

புரட்டாசி 6, சனி

முதல் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போட்டேன். நேற்று வைத்த கடலை உருண்டை அத்தனையும் போயிருந்தது. கருவாட்டைவிட இது பிடித்திருக்கிறது போலும்.

புரட்டாசி 20, சனி

ராணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. புளியோதரையை வைத்துக்கொண்டு விரலால் கோலம் போடுகிறாள்.

"மலையடிவாரத்துல நான் நினைச்ச மாதிரியே ஏறுதுக்கா. குடல் கொட்டின ஏரிக்கரையில ஒண்ணுமில்ல. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"முட்டை இல்லைன்னா நல்லதுதானே கண்ணு?"

"நரிக்கு நல்லது. ஏன்னு தெரியலன்னா எனக்கு நல்லதில்ல."

"பிள்ளையார் கிருபையா இருக்கும்."

"அத எப்படிக்கா எழுதுவேன்?" என்று சிரித்தாள். சிரித்தாளே, அது போதும்.

ஐப்பசி 12, ஞாயிறு

ராணியின் புரொபசர் வந்திருந்தார். வாழையிலை போட்டேன். நல்ல மனிதர், ரசத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். ராணியின் எண்களைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரே சந்தோஷம்.

"இது புதுசும்மா. மழையில கரை கழுவிப் போயிருக்கு, முட்டை தங்கல. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. கார்த்திகையில சென்னைக் கூட்டத்துல நீதான் பேசுற."

ராணி முகத்தில் அன்றைக்குக் குடலைப் பார்த்த வெளிச்சம். இவரும் ஏதோ தன் பெண்ணே பாஸானதுபோல மீசையைத் தடவிக்கொண்டார்.

"அடடா, என்ன சுத்தம்" என்று புரொபசர் மறுபடி எண்களைப் பார்த்தார். "நாய்க்குப் பூச்சி மாத்திரை குடுத்த மாதிரில்ல இருக்கு."

மோர் கொஞ்சம் இலைக்கு வெளியே விழுந்துவிட்டது. துடைத்துவிட்டேன்.

தலைவலி. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஐப்பசி 17, வெள்ளி

விளக்கு மட்டும் வைத்தேன்.

ஐப்பசி 21, செவ்வாய்

விளக்கு மட்டும். நரி வந்து நின்றது. வெகுநேரம் நின்றது.

மழைதான் காரணம் என்று புரொபசரே சொல்கிறார். படித்தவர். ஐந்தாவது வரை போய், மீதியைக் காலண்டர் தாளிலும் பாட்டுப் புத்தகத்திலும் படித்துக்கொண்ட நான் அவரை எதிர்த்துச் சொல்ல முடியுமா?

இந்த வருஷம் மழையே சரியாக இல்லை. துணியெல்லாம் மொட்டை மாடியில்தான் காய்கிறது.

ஐப்பசி 26, ஞாயிறு

தீபாவளி. ராணி ஊருக்குப் போகவில்லை. சென்னையில் பேசும்போது கட்டிக்கொள்ள மயில்கழுத்து நிறத்தில் புடவை எடுத்துக் கொடுத்தேன். "எதுக்குக்கா இவ்வளவு?" என்றாள். சும்மாதான் என்றேன். இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சும்மா எதுவும் வாங்குகிறவள் இல்லை.

கார்த்திகை 5, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் பூ வாக்குக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் சொல்ல வேண்டும், சிவப்பு வந்தால் பேசாமல் இருக்க வேண்டும். இரண்டையும் தனித்தனி இலையில் மடித்து ஆத்தாள் காலடியில் வைத்தேன். பூசாரி எடுத்தார். சிவப்பு.

மடித்தது சரியில்லை என்று மறுபடி மடித்துக் கொடுத்தேன். சிவப்பு.

மூன்றாவது தரம் நானே கண்ணை மூடி இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் சிவப்பு. பூசாரிக்கு நான் கேட்பது என்னவென்று தெரியாது. "ஆத்தா ஒரே பிடியா நிக்கறா. வுட்டுருங்க தாயி" என்றார்.

ஆத்தாள் சொன்ன பிறகு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வழியெல்லாம் ஆத்தாளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். உனக்கென்ன, நீ கல்லாக இருக்கிறாய். தினமும் அவளுக்குச் சோறு போடுகிறவள் நான்.

மாடியில் ராணி அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் ஏரிக்கரை நரிகளிடத்தில் என்று ஆரம்பித்தாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, சத்தம் போதுமா?" என்றாள்.

"மழை இல்ல கண்ணு. மாத்திரை."

"என்னக்கா சொல்லுதீங்க?"

"நீ நாய்க்குக் குடுத்தியே, அந்த மாத்திரை. நான் நரிக்கு வெச்சேன். ஏரிக்கரையில."

புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப?"

"ஆவணி மூலத்துல இருந்து. விளக்கு நாளெல்லாம்."

"எதுல வச்சு?"

"கருவாட்டு உருண்டை. புரட்டாசியில கடலை உருண்டை."

"புரட்டாசியில நரிக்கு..." என்று ஆரம்பித்தாள். வாய் ஒரு பக்கம் சிரிக்கப் போனது, கண் வேறு பக்கம் போனது. எதையும் முடிக்கவில்லை. "கொஞ்சம் வெளிய இருங்கக்கா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.

இவரிடம் சொன்னேன். "நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார்.

"ஆத்தாளும் அதத்தான் சொன்னா" என்றேன்.

கார்த்திகை 6, புதன்

புரொபசர் போனில் கத்தியது மாடிப்படி வரை கேட்டது. காட்டு மிருகத்துக்கு யாரும் இஷ்டத்துக்கு மருந்து கொடுக்கக் கூடாதாம். அது தப்பு மட்டுமல்ல, சட்டப்படியும் குற்றமாம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேனோ என்று யோசிக்கிறேன். வேண்டாம், யோசிக்கவில்லை.

பிறகு ராணி இறங்கி வந்து, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "எந்தெந்தத் தேதி, எத்தன மாத்திரைன்னு குடுத்தா ஏதாவது மிச்சம் தேறுமான்னு சார் கேக்காரு. நீங்கதான் கணக்கு எழுதுவீங்கல்லா."

எடுத்து வந்தேன். உப்பு இருக்கிறது, ஊசி இருக்கிறது, "சர்க்கரை, மாடி" இருக்கிறது. மாத்திரை இல்லை.

"தர்மத்துக்குக் கணக்கு எழுத மாட்டேன் கண்ணு."

இந்த நோட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். தோன்றினபோது எழுதியிருக்கிறேன், தோன்றாதபோது இல்லை. எத்தனை மாத்திரை என்று எங்கேயும் இல்லை.

"சரிக்கா" என்றாள். அந்தச் சரிக்குப் பதில் திட்டியிருக்கலாம்.

கார்த்திகை 14, வியாழன்

ஏரிக்கரை எண்ணிக்கையை முழுசாக அடித்துவிட்டார்கள். மலையடிவாரம் மட்டும் பட்டத்துக்குப் போதாது. அடுத்த ஆடியிலிருந்து மார்கழி வரை மறுபடி எடுக்க வேண்டும். சென்னைக் கூட்டத்தில் வேறு யாரோ கோழியைப் பற்றிப் பேசினார்களாம்.

கார்த்திகை 18, திங்கள்

ராணி ஊருக்குப் போனாள். யோசிக்க வேண்டும் என்றாள். பெட்டியையும் மைக்ராஸ்கோப்பையும் எடுத்துப் போனாள். ஃபிரிட்ஜை அப்புறம் ஆள் விட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மார்கழி 3, செவ்வாய்

கோலம் போட்டுவிட்டு மாடி அறையைப் பெருக்கினேன்.

மார்கழி 9, திங்கள்

மாடி அறையைப் பெருக்கினேன். யாரும் இல்லாவிட்டாலும் தூசி சேர்கிறது.

இவர் ஆலையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். கூடத்தில் நின்றார். மாடிப்படியைப் பார்த்தார். "இது நரிதான். எனக்கு இப்பத் தெரியுது" என்றார். யாரிடம் கொடுப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் கொல்லையில் புதைத்தார்.

சர்க்கரைச் செலவு பாதியாகக் குறைந்துவிட்டது. நல்லதுதான்.

தை 5, வெள்ளி

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஃபிரிட்ஜுக்கு ஆள் வந்துவிட்டான் என்று திறந்தேன். ராணி, கையில் கருப்பட்டி நிரம்பிய ஓலைக் கொட்டானோடு நின்றாள்.

"மாடி அறைக்கு வேற யாரும் வந்துட்டாங்களாக்கா?"

"வர்றதா சொல்லியிருக்காங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"யாரு?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். நீ உள்ள வா."

கோழிப் பண்ணைக்காரன் வந்து பெண் பார்த்தானாம். பார்த்துக்கொண்டே இருந்தானாம், ஒரு வார்த்தை பேசவில்லையாம். இன்னும் ஒரு வருஷம் என்று அப்பாவிடம் அழுது வாங்கி வந்திருக்கிறாள். உதவித்தொகை கிடையாது. வாழப்பாடியில் ஒரு மாட்டு டாக்டரிடம் காலை வேலைக்குச் சொல்லியிருக்கிறாள்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது நிபந்தனையைச் சொன்னாள்.

"விளக்கு வைக்கலாம். எண்ணெய் ஊத்தலாம். தேங்கா உடைக்கலாம், ஆனா சில்ல பொறுக்கிட்டு வந்துரணும். நரிக்கு ஒண்ணும் வைக்கக் கூடாது. நீங்க கிளம்பும்போது நான் பையப் பாப்பேன்."

"என்னைச் சோதனை போடுவியா?"

"போடுவேன்க்கா."

சரி என்றேன். இவர் அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

ஆடி 22, புதன்

போன வாரம் பண்டிகை முடிந்தது. குடல் கொட்டியாயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து குழி வெட்டிப் புதைக்க வேண்டும் என்று இவர் கோயில் கமிட்டியில் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார். இந்த வருஷமே செய்யலாமே என்று ஒருவர் எழுந்தாராம். "இந்த வருஷம் டாக்டரம்மாவுக்கு வேணும்" என்று உட்கார வைத்திருக்கிறார்.

ஆவணி 14, வெள்ளி

ராணி பையைச் சோதனை போட்ட பிறகு விளக்கு வைக்கப் போனேன். நரி வந்தது. பழைய நரிதான், ஒரு காதில் வெட்டு உண்டு. புதரடியை மோந்துவிட்டு என்னைப் பார்த்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். நம்பவில்லை. நாய்போல உட்கார்ந்துகொண்டது. திரியைத் தூண்டுவதுபோல் நானும் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

பிள்ளையாரிடம் ஒன்று வேண்டிக்கொண்டேன். என்னவென்று எழுத வெட்கமாக இருக்கிறது.

புரட்டாசி 14, திங்கள்

ஏரிக்கரையில் இன்னும் ஒன்றும் வரவில்லை. ராணி சாப்பிடுகிறாள், ஆனால் என்ன சாப்பிட்டோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. புளியோதரையைத் தயிர்சாதம் என்கிறாள். போன வருஷ மருந்து இன்னும் வேலை செய்யுமா என்று கேட்டேன். "செய்யாதுக்கா. செய்யக் கூடாது" என்றாள். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும்.

புரட்டாசி 18, வெள்ளி

பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து ராணி கூப்பிட்டாள். கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்துவிட்டது. அடுப்பை அணைக்காமல் ஓடினேன்.

"பாருங்க" என்று நகர்ந்துகொண்டாள்.

பார்த்தேன். ஒன்று இல்லை. மூன்று, நான்கு, ஓரத்தில் இன்னும் சில. உருண்டை உருண்டையாக, கோடு கோடாக.

"ஏரிக்கரையா?"

"ஏரிக்கரைதான்க்கா. நேத்து எடுத்தது. ஏறுது."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கையுறையோடு இருந்ததால் என்னைத் தொடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கீழே பாகு கருகுகிற வாசனை வந்தது. இருவரும் அசையவில்லை.

சாயங்காலம் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை வேண்டுதலைச் செலுத்தினேன். இவரும் வந்திருந்தார். "என்ன வேண்டிக்கிட்ட?" என்று கேட்டார். வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்றேன்.

காதில் வெட்டுள்ளது ஆவாரம் புதரிலிருந்து எட்டிப் பார்த்தது. வயிறு கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளையார் முகத்தையும் இன்று சரியாகப் பார்க்கவில்லை. மார்கழி வரை பொறுத்துக்கொள் ராசா என்று மட்டும், இவர் காதில் விழாமல், தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.